மூடியைத் திறந்தால் தெரியும்

பழுப்பாகத்தான் இருக்கிறது. வெல்லம் போட்டு ஊறவைத்தது பழுப்பாக இல்லாமல் பச்சையாகவா இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இந்திராணி பாட்டிலைச் சரித்து இன்னொரு மூடி அளவு வாளித் தண்ணீரில் ஊற்றி மாப்பை முக்கினாள். எலுமிச்சைத் தோலும் சாத்துக்குடித் தோலும் வெல்லமும் தண்ணீரும் போட்டு இறுக்கி மூடி, உள்ளே காற்று உப்பாமல் இருக்க நாள் தவறாமல் மூடியைத் திறந்து மூடி, மூன்று மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்து வடிகட்டிய தண்ணீர். எதிர்வீட்டு ஜெபமணி டீச்சர் அதற்கு பயோ என்சைம் என்று பேர் சொன்னார். இந்திராணிக்கு அது தோல் தண்ணீர். பேர் என்னவாக இருந்தால் என்ன, தரை சுத்தமாக வேண்டும், வீடு மணக்க வேண்டும், பதினோரு மணி வாக்கில் அந்தப் பெண் யமுனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று மூச்சை உள்ளே இழுக்கும்போது அவள் முகம் மலர வேண்டும். மலர்ந்தால் நாளையிலிருந்து குழந்தை இங்கே. சுளித்தால் போச்சு. திருநகரில் வேலைக்குப் போகிற தாய்மார்களுக்கு இந்திராணியை விட்டால் ஆள் கிடையாது என்று ஒரு காலம் இருந்தது. காலையில் கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வாங்கிக்கொண்டு போவார்கள். அவள் மடியில் உட்கார்ந்து பருப்புச்சோறு தின்ற பிள்ளைகள் இன்றைக்கு மீசை வைத்துக்கொண்டு பைக்கில் பறக்கிறார்கள். இப்போது வீடு காலி. கடைசிப் பையன் தர்ஷனும் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் போய்விட்டான். அவன் போனதிலிருந்து தொட்டில் கம்பியில் துணி காய்கிறது. இந்தக் குழந்தை வேண்டும், வந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்து பைத்தியம்தான் பிடிக்கும் என்று நினைத்தபடி, பழக்க தோஷத்தில் வாளியின் மேல் குனிந்து மூக்கை உறிஞ்சினாள். ஒன்றும் இல்லை. பச்சைத் தண்ணீரை மோந்த மாதிரிதான் இருந்தது. போன வருஷக் காய்ச்சலில் போன மூக்கு. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, மூக்கு மட்டும் போனது போனதுதான். இது ஒருத்தருக்கும் தெரியாது. கட்டினவருக்கும் தெரியாது. தெரிந்தால் எந்தத் தாய் இவளிடம் பிள்ளையை விடுவாள்?

இதில் பெரிய கொடுமை அந்த ஃபினாயிலை நிறுத்தச் சொன்னதுதான். ஃபினாயில் இருந்தவரை இந்திராணிக்கு ஒரு சாட்சி இருந்தது. வாசம் தெரியாது, ஆனால் மூடியைத் திறந்தால் தொண்டைக்குள் சுருக்கென்று ஏறும், கண் ஓரம் கரிக்கும். கரித்தால் சுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கரிப்பை நம்பித்தான் இத்தனை நாள் ஒப்பேற்றினாள். யமுனா மூன்று மாதத்துக்கு முன்னால் முதல் தடவை வீடு பார்க்க வந்தாள், பேங்க் வேலை, லீவு முடிவதற்குள் இடம் பார்த்து வைத்துக்கொள்கிறேன் என்று. கேட்டில் கை வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். "அக்கா, ஃபினாயில் போட்டுத் துடைச்சீங்களா? மல்லிப்பூ வாசம் போட்டதுதானே?" என்றாள். கேட்டிலிருந்து! ஹாலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை, அதற்குள் எந்த ஃபினாயில், அதில் எந்தப் பூ என்பது வரைக்கும் சொல்லிவிட்டாள். அது மூக்கா என்ன, போலீஸ் நாய் தோற்றுவிடும். "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா, பாப்பா தவழ ஆரம்பிச்சா கையைத் தரையில வைப்பா, அந்தக் கையை வாயில வைப்பா. ஃபினாயில், ஆசிட், கலர் தண்ணி எதுவும் வேண்டாம். இயற்கையானதா வெச்சுத் துடைங்க" என்று நைச்சியமாகச் சொல்லிவிட்டுப் போனாள். நியாயமான பேச்சுதான், யார் இல்லையென்றது. ஆனால் அன்றைக்கே இந்திராணிக்கு உறுத்தியது. ஏன் அப்படி உற்றுப் பார்த்தாள்? மல்லிப்பூதானே என்று கேட்டபோது நாம் ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி தாமதித்தோமே, பாட்டில் மேல் என்ன பூப் படம் என்று நினைவுக்குக் கொண்டுவரத் தாமதித்தோமே, அதைக் கண்டுபிடித்துவிட்டாளோ? இயற்கை இயற்கை என்று சொன்னது குழந்தைக்காகவா, இல்லை இவள் மூக்கைச் சோதிக்கவா? எலுமிச்சைத் தோல் சரியாகப் புளித்ததா அழுகியதா என்பதை மூக்கு உள்ளவள்தான் சொல்ல முடியும். அதைத் தெரிந்துகொண்டே சொன்னாளோ? சேச்சே, பாவம், சின்னப் பெண். சின்னப் பெண்ணாக இருந்தால் என்ன, பேங்கில் உட்கார்ந்து ஊரான் கையெழுத்தை உற்று உற்றுப் பார்க்கிறவள், அவளுக்கா சந்தேகப்படச் சொல்லித்தர வேண்டும்.

ஹாலைத் துடைத்து முடித்து நிமிர்ந்து பார்த்தாள். தரை என்றைக்கும் இல்லாத பளபளப்பு. ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடம் எண்ணெய் தேய்த்த தலையாட்டம் மின்னியது. பார், பார், ஃபினாயிலுக்கு வராத மினுமினுப்பு என்று மனசு குளிர்ந்தது அவளுக்கு. அடுக்களைக்குப் போனாள். சிங்க்கில் சோடா உப்பைத் தூவி வினிகரை ஊற்ற, புஸ்ஸென்று நுரைத்தது; நுரைத்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம், இதற்கு மூக்கு வேண்டாம், கண் போதும். குழாயை எலுமிச்சை மூடியால் தேய்த்தாள். கறை போனது கண்ணுக்குத் தெரிந்தது. பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்த தண்ணீரில் பால் பாட்டில்களையும் கிண்ணங்களையும் கழுவிக் கவிழ்த்தாள். கண்ணால் பார்க்கிறதெல்லாம் அவளுக்கு ராஜ்ஜியம். கண்ணுக்குத் தெரியாததுதான் சத்துரு. இந்த அடுப்பு, இதோ, இதே இடத்தில்தான் அன்றைக்குப் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. அவள் பக்கத்திலேயே முதுகைக் காட்டி முக்காலி போட்டு உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள், பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டு. பஸ் டிப்போ வேலை முடிந்து வந்த கட்டினவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து குமிழைத் திருகி ஜன்னலைத் திறந்தார். "என்னடி இது, வீடு பூரா கேஸு! சளி கிளி பிடிச்சிருக்கா உனக்கு?" என்றார். "ஆமாங்க, ஒரே சளி" என்றாள். மூக்கை வேறு ஒரு தடவை உறிஞ்சிக் காட்டினாள், நாடகக்காரி. அன்றைக்கு ராத்திரி பூராவும் எழுந்து எழுந்து வந்து குமிழைத் தொட்டுப் பார்த்தாள். நல்லவேளை தர்ஷன் போன பிறகு நடந்தது. இருந்திருந்தால்? தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்திருந்தால்? அந்த நினைப்பு வந்தால் அவள் உடனே வேறு எதையாவது தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். இப்போதும் அடுப்பு மேடையைத் தேய்த்தாள். அன்றையிலிருந்து இன்னொன்றும் கவனித்திருக்கிறாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் நேராக அடுக்களைக்குத்தான் வருகிறார். தண்ணீர் குடிக்க வந்தேன் என்கிறார். மனுஷனுக்கு அப்படி என்ன தாகம்? ஊதுவத்தி வேறு வாங்கி வாங்கி அடுக்குகிறார், சாமிக்கு என்கிறார். வருஷத்தில் ஒரு நாள்கூடச் சாமி கும்பிடாத ஆளுக்குத் திடீரென்று என்ன பக்தி? வீடு நாறுகிறதா? நாறுகிறது என்று சொல்ல வாய் வராமல்தான் வத்தி கொளுத்துகிறாரா? கேட்டுவிடலாம். கேட்டால், ஏன், உனக்குத் தெரியலையா என்பார். அங்கேதான் மாட்டிக்கொள்ள வேண்டிவரும். அதனால் கேட்கவில்லை. இந்த வீட்டில் எதையுமே நேராகக் கேட்க முடியாமல் போய் ஒரு வருஷம் ஆகிறது.

வாசலுக்கு வந்து நிலைப்படியைத் துடைத்தாள். படியின் இரண்டு ஓரத்திலும் எலுமிச்சைத் தோல் வைப்பது வழக்கம். தெருவில் திரிகிற சாம்பல் பூனை ஒன்று குழந்தை மெத்தையில் வந்து சுருண்டுகொள்ளும், எலுமிச்சை என்றால் அதற்கு ஆகாது, படி தாண்டாது. அப்போதுதான் ஜெபமணி டீச்சர் கீரைக்கட்டோடு தெருவில் வந்தார். கேட் பக்கம் வந்தவர் நடையைக் குறைத்தார். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகத்தைத்தான் துடைத்தாரா, மூக்கைப் பொத்தினாரா? வேர்வை என்றால் நெற்றியைத்தானே துடைக்க வேண்டும். "என்ன இந்திராணி, தடபுடலா வேலை நடக்குது" என்றார். "குழந்தை வருது டீச்சர், அந்த பேங்க் பொண்ணோடது." "அப்படியா, சந்தோஷம்" என்றவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை, ஒரு தடவை வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு இந்திராணியைப் பார்த்தார். "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்டார். "வெள்ளிக்கிழமையாச்சே டீச்சர், பருப்புதான்." "பருப்பா?" என்றார் டீச்சர். அவ்வளவுதான். பருப்பா. கேட்டுவிட்டு முந்தானையை விடாமலே போய்விட்டார். இந்திராணி மாப்புக் குச்சியைப் பிடித்தபடி நின்றாள். இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருக்கிறவருக்கு இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை கவிச்சி இல்லை என்று தெரியாதா? போன வெள்ளிக்கிழமை கேட்டாரா? அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கேட்டாரா? பருப்பு என்றால் சரி என்று போக வேண்டியதுதானே, பருப்பா என்று ஒரு இழுவை எதற்கு? பள்ளிக்கூடத்தில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையிடம் கேட்கிற மாதிரி ஒரு பருப்பா. அவள் உள்ளே திரும்பி நடந்தாள். கால் வழுக்கியது. விழவில்லை, ஆனால் பாதம் லேசாகச் சறுக்கிக்கொண்டு போனது. குனிந்து தரையை விரலால் தடவி, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பிசுபிசுப்பு. இல்லை, பிசுபிசுப்புக்கும் கொஞ்சம் மேலே. எண்ணெய். எலுமிச்சைத் தோலில் ஏது இவ்வளவு எண்ணெய்?

வாளியைப் போட்டது போட்டபடி மாடிப்படிக்கு அடியில் ஓடினாள். அங்கே பலகையில் அவளுடைய தோல் தண்ணீர் பாட்டில்கள் மேல் தட்டில் இருக்கும். கீழ்த் தட்டு அவருடையது. மாடித் தோட்டம் போட்டிருக்கிறார் மனுஷன், கத்தரியும் தக்காளியும். செடிக்கு ஊற்ற மீன் அமிலம் தயார் செய்கிறார். மார்க்கெட்டிலிருந்து மீன் கழிவை வாங்கிவந்து, தலையும் குடலும் செதிலுமாக, வெல்லத்தோடு சேர்த்து மூடிவைத்து, சாறு இறங்கினதும் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றி வைப்பார். அதுவும் வெல்லம், இதுவும் வெல்லம். அதுவும் பழுப்பு, இதுவும் பழுப்பு. அதுவும் குளிர்பான பாட்டில், இதுவும் குளிர்பான பாட்டில், எல்லாம் ஒரே கல்யாண வீட்டில் பொறுக்கிக்கொண்டு வந்தது. "நல்லாப் பக்குவம் ஆயிருச்சுன்னா மீன் வாடையே இருக்காது, பழ வாடைதான் வரும்" என்று பெருமை பேசியவர், போன வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இன்னும் பக்குவம் வரல, குடலைப் புரட்டுது" என்றார். பலகையைப் பார்த்தாள். மேல் தட்டிலும் பாட்டில், கீழ்த் தட்டிலும் பாட்டில். அடக் கடவுளே, தட்டு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நேற்றுச் சாயங்காலம் அவர் இங்கே குனிந்து எதையோ உருட்டிக்கொண்டிருந்தாரே. போனை எடுத்தாள். மணி அடித்து அடித்து, கடைசியில் எடுத்தார். பின்னால் பஸ் உறுமுகிற சத்தம். "என்னங்க, படிக்கடியில பாட்டிலை மாத்தி வெச்சீங்களா?" "ஆமா, கீழ வெயில் படுதுன்னு என்னோடதை மேல தூக்கி வெச்சேன்... இல்ல, இரு, முதல்ல வெச்சேன், அப்புறம் உன்னோடது கீழ விழுந்துரும்னு... ஏன், என்ன இப்ப?" "எது உங்களோடது, எது என்னோடது?" "இதென்னடி கேள்வி, மூடியைத் திறந்தாத் தெரியப்போகுது. மூக்கு இல்லையா உனக்கு?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தாரா? பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. "ஏய், இந்திராணி, இருக்கியா?" என்றார். இவள் பட்டென்று வைத்துவிட்டாள்.

மூக்கு இல்லையா உனக்கு. இது எல்லாரும் சொல்கிற பேச்சுதான், கண்ணு இல்லையா, காது கேக்கலையா, அந்த மாதிரி. ஆனால் ஏன் கடைசியில் இருக்கியா என்று குரல் இறங்கியது? தெரிந்துதான் கேட்டாரா? தெரிந்தே இத்தனை நாளாக அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்க வந்து, ஊதுவத்தி கொளுத்தி, ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாரா? அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது மணி என்ன, பதினொன்று ஆகப்போகிறது. மேல் தட்டுப் பாட்டிலைத் திறந்து பார்த்தாள், கீழ்த் தட்டுப் பாட்டிலையும் திறந்து பார்த்தாள். மூடியைத் திறந்தால் தெரியும், எல்லாருக்கும் தெரியும், தெருவில் போகிறவனுக்குத் தெரியும், எதிர்வீட்டு டீச்சருக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் இரண்டும் ஒன்று. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒன்று கொஞ்சம் கெட்டி. நேற்று ஆட்டினதால் கெட்டியா? வேறு வழியில்லை என்று வாளித் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். புளித்தது. புளித்தால் எலுமிச்சைதான், அப்பாடா என்று நினைப்பதற்குள் இனித்தது, பிறகு லேசாக உப்புக் கரித்தது. உப்பு எங்கிருந்து வந்தது? இவள் விரலின் வேர்வையா? நாக்கும் சேர்ந்து ஏமாற்றுகிறது. மூக்கில்லாத நாக்கு, முனிசிபாலிட்டித் தண்ணீர் மாதிரி, அதற்கு என்ன தெரியும்? யாரையாவது கூப்பிட்டு, கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்லுங்க என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். டீச்சரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் ஏன் நீயே பாரேன் என்பார், திருநகர் பூராவும் சாயங்காலத்துக்குள் தெரியும், இந்திராணிக்கு மூக்கு செத்துப்போச்சாம், அவகிட்டயா பிள்ளையை விட்டீங்க என்று பழைய தாய்மார்கள்கூட நெஞ்சில் கை வைப்பார்கள். ஃபினாயில் ஒரு பாட்டில் பரணில் ஒளித்து வைத்திருக்கிறாள். அதைக் கொட்டிவிடலாம், எதையும் அமுக்கிவிடும். ஆனால் கேட்டிலேயே கண்டுபிடிப்பாளே அந்தப் பெண், மல்லிப்பூ என்று பேரோடு சொல்வாளே, சொன்ன பேச்சைக் கேட்காதவளிடம் எப்படிப் பிள்ளையை விடுவது என்பாளே. வேண்டாம். பச்சைத் தண்ணீரில் இன்னொரு தடவை துடைத்துவிடலாம் என்று வாளியைக் கழுவிக் கொட்டி, புதுத் தண்ணீர் பிடித்து, எலுமிச்சம்பழம் இருந்த அத்தனையையும் பிழிந்து, மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். பாதி ஹால் போன பிறகுதான் புத்தி வந்தது. வாளி புதுசு, தண்ணீர் புதுசு, மாப்பு அதே மாப்பு. அது மீனாக இருந்தால் மாப்புக்குள் ஊறிக் கிடப்பதும் மீன்தானே. துடைத்தது எல்லாம் திரும்பப் பூசினதுதானே. ஐயோ என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை மெத்தையின் ரெக்சின் உறையையும் காலையில் அந்த வாளித் தண்ணீரிலேயே துணியை நனைத்து ஒரு ஒத்து ஒத்தி எடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்படி உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. மூக்குப் போனதற்கு அவள் ஒரு நாளும் அழவில்லை, மல்லிகைப்பூ போனதற்கு அழவில்லை, முதல் மழைக்கு அழவில்லை, காப்பி வெறும் கசப்பானதற்கு அழவில்லை. தர்ஷன் பள்ளிக்கூடம் போகிற அன்று அவனைக் கட்டிக்கொண்டு உச்சந்தலையில் மூக்கை வைத்தாளே, அப்போதுதான் உள்ளே எதுவோ அறுந்தது. பிள்ளைகளின் உச்சந்தலைக்கு ஒரு வாசம் உண்டு. பாலும் வேர்வையும் சாம்பிராணியும் சேர்ந்தது, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பிள்ளை என்று சொல்லுவாள் அப்போதெல்லாம். அந்த வாசத்துக்காகத்தான் இந்த வேலையே பார்த்தாளோ என்னவோ. தர்ஷன் தலையில் வெறும் முடிதான் இருந்தது. வரப்போகிற குழந்தையின் தலையிலும் வெறும் முடிதான் இருக்கப்போகிறது. பரவாயில்லை. கையில் கனம் இருக்கும், கன்னம் மெத்தென்று இருக்கும், சிரிக்கும். அது போதும். இவ்வளவும் இருந்து, ஒரு வாளித் தண்ணீர் அதைக் கெடுத்துவிடுமா? எலுமிச்சையாகவே இருக்கலாமே. டீச்சருக்கு எப்போதும் ஒரு இழுவைப் பேச்சு. எண்ணெய் வெறும் பிரமையாக இருக்கலாம். அவள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது, வாசல் படிக்கு அந்தப் பக்கம் சாம்பல் பூனை உட்கார்ந்திருந்தது. தோல் வைத்த படி. தாண்டாத படி. பூனை கழுத்தை நீட்டி, மீசையை முன்னால் தள்ளி, மோந்தது. இந்திராணி மூச்சு விடாமல் அதையே பார்த்தாள். இந்தத் தெருவிலேயே பொய் சொல்லத் தெரியாத மூக்கு அது ஒன்றுதான். உள்ளே வராதே, தாயே, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போ, எலுமிச்சை என்று சொல்லிவிட்டுப் போ என்று மனசுக்குள் கெஞ்சினாள். பூனை ஒரு காலைத் தூக்கியது. கேட் கிறீச்சிட்டது. பூனை செம்பருத்திச் செடிக்குப் பின்னால் பாய்ந்து ஒளிந்தது.

யமுனா வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை, தோளில் பெரிய பை, நெற்றியெல்லாம் வேர்வை. முன்பு வந்தபோது இருந்த மிடுக்கு இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் நடு வழியில் ஒரு கணம் நின்றாள். இந்திராணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் மூக்கைப் பார்த்தாள். மூக்கு விரிந்தது. சட்டென்று குறுகியது. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. பிறகு யமுனா பையைச் சரிசெய்துகொண்டு, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு, படியேறி வந்து சிரித்தாள்.

"வீடு எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்கக்கா. எலுமிச்சை வாசம் ஜம்முனு இருக்கு."

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. இந்திராணிக்கு, எலுமிச்சை, எலுமிச்சைதானா, அட என் குலதெய்வமே என்று உள்ளே ஒரு குதி குதித்தது மனசு. "வாம்மா, வா, உக்காரு" என்று குழந்தைக்குக் கை நீட்டினாள். குழந்தை யோசிக்கவே இல்லை, பாய்ந்து வந்தது. நல்ல கனம். கையில் சேர்ந்ததும் இவள் கழுத்துத் தாலிக்கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. யமுனா நாற்காலி நுனியில் உட்கார்ந்து மளமளவென்று பேசினாள். "அம்மா ஊருக்குப் போயிட்டாங்கக்கா. அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு, இடுப்பு எலும்பு. இனி அம்மா வர முடியாது. நாளைக்கு நான் ஜாயின் பண்ணலைன்னா சிக்கல். வேற யாரும் இல்லைக்கா. உங்களை விட்டா எனக்கு யாருமே இல்லை." பேசும்போது கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள், அழுகிறவள் மாதிரி. அழத்தான் செய்தாள். ஆனால் கைக்குட்டை மூக்கை விட்டு இறங்கவே இல்லை.

கேட்டிலிருந்தே மல்லிப்பூ என்று சொன்ன மூக்கு அது என்று இந்திராணிக்கு அப்போது நினைவு வந்தது. நினைவு வந்த அதே நேரம் யமுனாவின் நாற்காலிக்குப் பின்னால் எதுவோ அசைந்தது. சாம்பல் பூனை எலுமிச்சைத் தோலை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் படியைத் தாண்டி, ஹாலின் நடுவுக்கு வந்து, வெளிச்சம் மின்னிய இடத்தில் தலையைக் குனிந்து தரையை நக்கிக்கொண்டிருந்தது. நிதானமாக, சாப்பாட்டுத் தட்டை நக்குகிற மாதிரி நக்கியது. யமுனாவும் திரும்பி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காதது போல முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போது இந்திராணிக்கு விளங்கியது. இவள் சோதிக்க வரவில்லை. இவளும் பயந்து போய்த்தான் வந்திருக்கிறாள். மூக்கைப் பொத்திக்கொண்டாவது, கண்ணை மூடிக்கொண்டாவது, இங்கே பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட வேண்டும் என்று வந்திருக்கிறாள். சும்மா இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நாளையிலிருந்து இந்தக் கனம் இந்த இடுப்பில். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றிக்கொள்கிறோம், யாருக்கு என்ன நஷ்டம்? குழந்தை தலையை அவள் தோளில் சாய்த்தது. இந்திராணி உச்சந்தலையில் மூக்கை வைத்து, ஆழமாக, கடைசி வரைக்கும் இழுத்தாள். வெறும் முடி. அடுக்களைப் பக்கம் கண் போனது. அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி இருந்தது.

"யமுனா" என்றாள். "மறைக்காமச் சொல்லும்மா. வீட்டுல மீன் நாத்தம் அடிக்குதா?"

யமுனா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தாள். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவள் இந்திராணியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "அடிக்குதுக்கா. தெருமுனையிலயே அடிச்சுது."

"எனக்கு அடிக்கலம்மா."

யமுனாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, நாற்காலியை விட்டு மெல்ல எழுந்தாள். பூனை நக்குவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பார்த்தது.

"எப்பல இருந்துக்கா?"

"போன வருஷக் காய்ச்சல்ல இருந்து. ஃபினாயிலும் தெரியாது, பூவும் தெரியாது."

"அப்ப..." யமுனாவின் கண்ணும் அடுக்களைக்குத்தான் போனது. "அப்ப கேஸ் திறந்திருந்தா?"

"தெரியாதும்மா" என்றாள் இந்திராணி. "அதுக்குத்தான் சொல்றேன்."

குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். குழந்தை தாலிக்கயிற்றை விடவில்லை. இழுத்துப் பார்த்தாள், சிணுங்கியது, இன்னும் கெட்டியாகப் பிடித்தது. யமுனா கை நீட்டியபடி நின்றாள். இந்திராணி குனிந்து, வலிக்காமல், ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.